நெல்லூர் அக்காங்களும் நம்ம குழு நோட்டும்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னபோது, குழுவில் சேர்ந்து முன்னேறிய கதையை எழுது என்று பல பேர் சொன்னார்கள். கறவை மாடு வாங்கியது, தையல் மிஷின் வாங்கியது, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தது என்று அந்தக் கதைகள் இந்த மலரில் நிறைய வரும். எல்லாம் பெருமையான கதைகள்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் ரொம்பப் பிடிக்கும். அதனால் நான் ஒரு சரித்திரம் எழுதுகிறேன். கூலி வேலைக்குப் போன பெண்கள் ஒன்று சேர்ந்து, ஒரு அரசாங்கத்தின் முடிவையே மாற்றிய சரித்திரம். நம்ம குழுக்களுக்கும் அதற்கும் உறவு உண்டு.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம வாரக் கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தால் அதில் ஐம்பது நிமிஷம் கடன் பேச்சாகவே போய்விடுகிறது. யார் கட்டினாங்க, யார் பாக்கி, அடுத்த லோன் எப்போ வரும், இதுதான் பேச்சு. குழு என்றால் இவ்வளவுதானா? ஆரம்பித்தவர்கள் இதற்குத்தான் ஆரம்பித்தார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நம்ம ஊரிலிருந்து வடக்கே போகணும்.

நம்ம அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கும். சில வண்டிகள் சூலூர்பேட்டை வரைக்கும் போகும். அந்தத் தண்டவாளத்திலேயே இன்னும் மேலே போனால் நாயுடுபேட்டை, கூடூர் தாண்டி நெல்லூர் வந்துவிடும். பழவேற்காடு ஏரியும் அப்படித்தான். தெற்குப் பக்கம் நம்முடையது. பெரிய பாகம் ஆந்திராவில் இருக்கிறது. அந்தக் கரையெல்லாம் அப்போது நெல்லூர் மாவட்டம். 2022-ல்தான் சூலூர்பேட்டைப் பக்கத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். நம்ம பக்கத்திலும் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதனால் நெல்லூர் பெண்கள் நமக்கு அயலார் இல்லை, பக்கத்து வீட்டு அக்காங்கதான்.

பாக்கெட் சாராயம் வந்த காலம்

1980-களில் ஆந்திராவில் அரசாங்கமே ஒரு ஏற்பாடு செய்தது. அதற்கு 'வருண வாகினி' என்று பெயர். சாராயத்தைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிற ஏற்பாடு. அதுவரைக்கும் குடிக்கணும் என்றால் ஆம்பளை கடையைத் தேடிப் போகணும். பாக்கெட் வந்த பிறகு, சாராயமே வேலை செய்கிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. கடனுக்கும் கிடைத்தது. சாயந்திரம் கூலி கைக்கு வரும் முன்பே பாதி கூலி போய்விடும்.

ஏலம் எடுத்த கான்ட்ராக்டர்களுக்குப் பணமும் இருந்தது, அடியாளும் இருந்தது. அரசாங்கத்துக்கும் இதில் பெரிய வருமானம். 1970 வாக்கில் ஆந்திராவுக்குச் சாராயத்தில் கிடைத்தது ஏறக்குறைய 40 கோடி ரூபாய். 1991-92-ல் அது 800 கோடியைத் தாண்டியது. இவ்வளவு பணம் வருகிற ஒன்றை யார் நிறுத்துவார்கள்? ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவர வழியில்லை, சாராயம் மட்டும் எப்படித் தவறாமல் வருகிறது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் தனித்தனியாக அவரவர் வீட்டில் கேட்டால் அடிதான் விழும்.

அரிக்கேன் வெளிச்சத்தில் ஆரம்பித்தது

1990-ல் கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனது. அதைப் பார்த்து நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாக எழுத்தறிவு இயக்கம் நடந்தது. நெல்லூரில் 1991-ல் அது சூடு பிடித்தது. ராத்திரி வேலை முடிந்து, சமையல் முடிந்து, பெண்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். ஜன விஞ்ஞான வேதிகா மாதிரி அமைப்புகளின் தொண்டர்கள் பாட்டு, நாடகம் போட்டு ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள்.

அங்கே படிக்கக் கொடுத்த புத்தகத்துக்கு 'சதுவு வெலுகு' என்று பெயர். படிப்பின் ஒளி என்று அர்த்தம். அதில் வெறும் அ, ஆ மட்டும் இல்லை. சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடம். குடியால் குடும்பம் படும் பாட்டை அது பேசியது. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள், இது நம்ம வீட்டுக் கதைதானே என்றார்கள். பாடம் நின்று பேச்சு ஆரம்பித்தது. ஒருத்தி தன் வீட்டுக் கதையைச் சொன்னாள், அடுத்தவள் தன்னுடையதைச் சொன்னாள். எல்லாம் ஒரே கதையாக இருந்தது. தன் தலைவிதி என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தது ஊர்ப் பிரச்சினை என்று அங்கேதான் தெரிந்தது.

நெல்லூர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, கலிகிரி மண்டலத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். அங்கே படிக்க வந்த பெண்கள் ஒரு நாள் எழுந்து போய்ச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். சாராயம் கொண்டுவந்த வண்டியை ஊருக்குள் விடவில்லை. இவர்களில் ரோசம்மா என்பவர் பிறகு தூபகுண்டா ரோசம்மா என்று நாடு முழுக்கத் தெரிந்த பெயர் ஆனார். அவர் படித்த தலைவர் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. கிராமத்துப் பெண்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தூபகுண்டாவில் நடந்ததை எழுதி, அடுத்த பாடமாகப் புத்தகத்தில் போட்டார்கள். 'பெண்கள் ஒன்றானால்' என்பது மாதிரி அந்தப் பாடத்துக்குத் தலைப்பு. அந்தப் பாடம் மற்ற கிராமங்களில் வாசிக்கப்பட்டது. நம்மை மாதிரி ஒரு ஊரில் இப்படி நடந்திருக்கிறதே, நாம் ஏன் செய்யக் கூடாது என்று அடுத்த ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். ஒரு ஊரின் தைரியம் எழுத்தாகி இன்னொரு ஊருக்குப் போனது. டிவி எல்லா வீட்டிலும் இல்லாத காலம். செல்போன் கிடையவே கிடையாது. அப்படிப்பட்ட நாளில் இது நடந்தது.

1992: ஏலம் நின்ற வருஷம்

ஒரு ஊரில் கடையை மூடினால் கான்ட்ராக்டர் பக்கத்து ஊரில் திறப்பான். இதைப் பெண்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அதனால் கடையை விட்டு ஏலத்தைப் பிடித்தார்கள். சாராயக் கடைகளை அரசாங்கம் வருஷா வருஷம் ஏலம் விடும். ஏலமே நடக்கவில்லை என்றால் கடையே கிடையாது. 1992 ஆகஸ்ட், செப்டம்பரில் நெல்லூரில் ஏலம் நடக்க இருந்த நேரம், கிராமங்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக டவுனுக்கு வந்து மறித்தார்கள். ஏலத்தைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் தேதி வைத்தார்கள். மறுபடியும் பெண்கள் வந்தார்கள். மறுபடியும் தள்ளிப் போனது.

கிராமங்களில் விளக்குமாறும் மிளகாய்ப் பொடியும் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார்கள். பாக்கெட்டுகளை நடுத்தெருவில் கொட்டிக் கொளுத்தினார்கள். 'ஈநாடு' பத்திரிகை இந்தச் செய்திகளுக்கு தினமும் நிறைய இடம் கொடுத்தது. பெண்கள் அமைப்புகள், மாணவர்கள், இடதுசாரிக் கட்சிகள், எதிர்க்கட்சிகள் எல்லாரும் ஆதரவுக்கு வந்தார்கள். போராட்டம் நெல்லூரைத் தாண்டி மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் நிறுத்தப்பட்டது. அதே வருஷம் அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை. 1994 தேர்தலில் மதுவிலக்கு பெரிய வாக்குறுதி ஆனது. டிசம்பரில் என்.டி.ராமாராவ் மறுபடி முதலமைச்சர் ஆனார். 1995 ஜனவரியில் பூரண மதுவிலக்கு வந்தது.

எழுதப் படிக்க உட்கார்ந்த பெண்கள் நாலு வருஷத்துக்குள் இவ்வளவு செய்தார்கள். எப்படி முடிந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த காரணங்களை எழுதுகிறேன்.

முதல் காரணம், போராட்டத்துக்கு முன்னாடியே உட்கார ஒரு இடம் இருந்தது. படிப்பு என்ற பெயரில் தினமும் கூடினார்கள். கூடிப் பழகியவர்களுக்குத்தான் ஆபத்து நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் நம்ப முடியும்.

இரண்டாவது, எல்லாருக்கும் பொதுவான ஒரே விஷயத்தைப் பிடித்தார்கள். எந்தச் சாதிப் பெண்ணாக இருந்தாலும், எந்தக் கட்சி வீடாக இருந்தாலும் சாராயம் வீட்டை அழித்தது. அதனால் சண்டை சாதிச் சண்டையாகவோ கட்சிச் சண்டையாகவோ திசை மாறவில்லை.

மூன்றாவது, வேர் எங்கே என்று பார்த்தார்கள். குடிக்கிற புருஷனைத் திட்டுவதோடு நிற்காமல், விற்கிறவன் யார், அனுமதி கொடுப்பது யார், பணம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். இப்படிக் கேட்பதுதான் அரசியல். அரசியல் என்றால் கொடி பிடிப்பது, ஓட்டுக்குப் பணம் வாங்குவது என்று நாம் பயந்து ஒதுங்குகிறோம். நம்ம ஊர் விஷயத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பதும், அந்த முடிவில் நமக்கும் பங்கு வேணும் என்பதும்தான் உண்மையான அரசியல்.

சட்டம் போனது, சேமிப்பு நின்றது

சரித்திரத்தை இங்கேயே முடித்தால் நல்லா இருக்கும். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. 1995-ல் வந்த பூரண மதுவிலக்கு 1997-லேயே தளர்த்தப்பட்டது. அப்போது சந்திரபாபு நாயுடு முதலமைச்சர். அரசாங்கத்துக்கு வருமானம் போதவில்லை என்பது காரணம். ஏலத்தைத் தடுக்கத் திரண்ட அதே கூட்டம் இந்தத் தடவை அந்த அளவுக்குத் திரளவில்லை. ஆதரவுக்கு வந்த கட்சிகள் தேர்தல் முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விட்டன. கட்சிகள் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட கோரிக்கை பெண்கள் கையை விட்டுப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. இடையில் இன்னொன்று நடந்திருந்தது. சாராயம் நின்றதும் வீட்டில் கொஞ்சம் காசு மிஞ்சியது. அந்தக் காசை என்ன செய்வது? நெல்லூர் மாவட்டத்தில் 1993-ல் 'பொதுபு லட்சுமி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். 'பொதுபு' என்றால் தெலுங்கில் சேமிப்பு. ஒரு நாளைக்கு ஒரு பெண் ஒரு ரூபாய். அவ்வளவுதான். ஏலத்தை மறித்த பெண்களே சேர்ந்து உட்கார்ந்து ஒரு ரூபாய் போட்டார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொண்டார்கள். இந்தச் சேமிப்புக் குழுக்கள் ஆந்திரா முழுக்கப் பரவி லட்சக்கணக்கில் ஆயின.

சட்டம் ரெண்டே வருஷத்தில் தளர்ந்தது. குழுக்கள் முப்பது வருஷம் தாண்டியும் இருக்கின்றன. இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. கோபத்தில் பிறக்கிற இயக்கம் கோபம் ஆறினதும் கலைந்துவிடும். மாசம் தவறாமல், வாரம் தவறாமல் உட்காருகிற பழக்கம் இருந்தால்தான் நிற்கும். அடுத்த பிரச்சினை வரும்போது மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

நம்ம தமிழ்நாட்டில்

இதே சமயத்தில் நம்ம பக்கமும் சும்மா இல்லை. அதற்கும் முன்னாடி 1978-லேயே சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மா உழைக்கும் மகளிர் சங்கத்தை ஆரம்பித்தார். தெருவில் காய் விற்றவர்கள், பூ விற்றவர்கள், மீன் விற்றவர்கள் அதில் சேர்ந்து கந்துவட்டியிலிருந்து வெளியே வந்தார்கள். 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், ஐ.நா.வைச் சேர்ந்த வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு ஆரம்பித்தது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களுக்கு பேங்க் கடன் கொடுக்கலாம் என்று 500 குழுக்களை வைத்துச் சோதனை செய்து பார்த்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க விரிந்தது. நம்ம குழுக்களுக்கு அதுதான் தாய்வீடு.

புதுக்கோட்டைக் கதையும் சொல்லணும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு லட்சம் பெண்கள் போல சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆம்பளைங்க ஓட்டுகிற பார் வெச்ச சைக்கிளையே நிறையப் பெண்கள் விரும்பி வாங்கினார்களாம். அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! முதலில் கிண்டல் செய்தார்கள், கேவலமாகப் பேசினார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே மாவட்டத்தில் கல் உடைத்த கூலிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, கல்குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எழுத்து, சைக்கிள், குவாரி என்று ஒன்று ஒன்றாகக் கை நீண்டது. நெல்லூரிலும் புதுக்கோட்டையிலும் ஆரம்பம் ஒன்றேதான். பெண்கள் வீட்டை விட்டு வந்து ஒரு இடத்தில் உட்கார்ந்தார்கள்.

1993 ஏப்ரல் 24-ல் பஞ்சாயத்து ராஜ் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996-ல் தேர்தல் நடந்தது. 2016-ல் அந்த ஒதுக்கீட்டைச் சரிபாதியாக, 50 சதவீதமாக உயர்த்திச் சட்டம் செய்தார்கள். 2019 டிசம்பரில் நம்ம மாவட்டத்தில் நடந்த ஊராட்சித் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணுக்குப் பின்னால் நிற்க ஊரில் ஒரு கூட்டம் இல்லை என்றால், வீட்டு ஆம்பளைதான் பேசுவார். பேச்சுப் பழகிய குழுக்கள் இருக்கிற ஊரில், தலைவரம்மா தானே பேசுவார். இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்.

ஏரிக்கரையில் நம்ம நிலை

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டை வராமல் பல தலைமுறையாக ஏரியைக் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு. ஆனால் பாடு ஆம்பளைங்க பேரில்தான். மீனைத் தரம் பிரிப்பதும், கூடையில் சுமந்து மீஞ்சூர், பொன்னேரி என்று விற்பதும் பெண்கள். வலையே இல்லாமல் இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிற இருளர் பெண்களும் இருக்கிறார்கள். ஏரியை நம்பிப் பிழைப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஏரியைப் பற்றி முடிவு எடுக்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

அப்படி இருந்த பெண்கள் வெளியே வந்ததையும் நாம் கண்ணால் பார்த்தோம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெரிதாக்கும் திட்டம் வந்தது. கரை அரிக்கும், முகத்துவாரம் பாதிக்கும், மீன்பாடு போகும் என்று மீனவ கிராமங்கள் பயந்தன. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-ல் என்றார்கள், நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5-ல் என்றார்கள், அதுவும் தள்ளிப் போனது. அந்த எதிர்ப்பில் மீனவப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். கூட்டம் தள்ளிப் போவது முழு வெற்றி ஆகாது. நெல்லூர் ஏலமும் முதலில் தள்ளித்தான் போனது. தள்ளிப் போன ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதிக்குப் பெண்கள் தயாராக இருந்ததால்தான் அது நின்றது.

இதைக் கடற்கரை ஊர்ப் பிரச்சினை என்று விவசாய ஊர்க்காரர்களான நாம் தள்ளி வைக்க முடியாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடித் தண்ணியில் கடல் உப்பு ஏறிப் பல வருஷம் ஆகிறது. அளவுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி எடுத்ததால் வந்த வினை. கடலோரம் நடப்பது நம்ம கிணற்று வரைக்கும் வரும். மீனவ ஊர்க் குழுவும் விவசாய ஊர்க் குழுவும் இருளர் குடியிருப்புக் குழுவும் ஒரே இடத்தில் உட்காருவது நம்ம கூட்டமைப்பில்தான். வேறு எங்கேயும் அப்படி ஒரு பாய் விரிக்கப்படவில்லை. அதன் மதிப்பு நமக்கே தெரியணும்.

கடன் என்கிற கயிறு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆந்திரா சரித்திரத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. குழுக்கள் நல்லா நடந்ததைப் பார்த்து, தனியார் நுண்கடன் கம்பெனிகள் கிராமங்களுக்குள் வந்தன. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்டணும் என்ற முறையில் கடன் கொடுத்தார்கள். ஒரு கம்பெனிக் கடனை அடைக்க இன்னொரு கம்பெனியில் கடன். வசூல் கெடுபிடி தாங்காமல் தற்கொலைகள் நடந்தன. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. சாராயத்தை எதிர்க்க ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்ற மண்ணில், கடனுக்காக ஒருத்தி வாசலில் இன்னொருத்தி நின்று கத்துகிற நிலை வந்தது. சேர்ந்து உட்காருகிற பழக்கம் அதேதான். என்ன பேசினார்கள் என்பதுதான் மாறிப்போனது.

நம்ம தெருவிலும் திங்கட்கிழமை ஒரு வசூல், புதன்கிழமை ஒரு வசூல் என்று வருகிறதே. பாக்கி வைத்த பெண், குழுக் கூட்டத்துக்கே வர வெட்கப்பட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறாள். அவள் வராமல் போவதுதான் உண்மையான நஷ்டம். பணம் பிறகு வரும். ஆள் போனால் வராது.

நான் கடன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஞ்ச சூத்திரம் நமக்கு மனப்பாடம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், முறையான பதிவேடு. முதலில் இருப்பது கூட்டம் என்பதைக் கவனியுங்கள். மற்ற நாலும் அதன் மேல் நிற்கிறது.

எங்க குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தீர்மான நோட்டில் கடைசியில் 'ஊர் விஷயம்' என்று ஒரு வரி. கூட்டம் முடியும் முன் பத்து நிமிஷம் அதற்கு. கடன் பேச்சு அதில் கூடாது. சாயந்திர ரயிலில் வேலை முடிந்து வருகிற பெண்கள் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு இருட்டில் நடந்து வர வேண்டியிருந்தது. மூன்று வாரம் தொடர்ந்து அதையே எழுதினோம். பக்கத்துக் குழுக்களும் எழுதின. கிராம சபையில் எழுந்து படித்து மனுவாகக் கொடுத்தோம். விளக்கு வந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் அன்றைக்குப் படிக்க எழுந்த பெண் அதுவரைக்கும் கிராம சபையில் வாயே திறந்ததில்லை. அடுத்த சபைக்கு அவளே பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

2022 முதல் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு தேதியையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைப்போம். ஒவ்வொரு குழுவும் ஒரு ஊர் விஷயத்தை எழுத்தில் கொண்டு போவோம். ஒரு ஊரில் நடந்த நல்லதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் படித்துக் காட்டுவோம். தூபகுண்டாவின் பாடம் அப்படித்தான் ஊர் ஊராகப் போனது. பாக்கி வைத்த பெண்ணைக் கூட்டத்துக்கு அழைத்து வருவதையும் நம்ம வேலையாக வைத்துக்கொள்வோம்.

நெல்லூர் அக்காங்களில் பல பேருக்கு முதலில் தன் பேரைக்கூட எழுதத் தெரியாது. நமக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பேங்க் தெரியும், கணக்கு தெரியும், செல்போன் இருக்கிறது. அவர்களிடம் இருந்தது, தினமும் உட்காருகிற பழக்கமும், நம்ம ஊரை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியும். முதலாவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதை இந்த வாரக் கூட்டத்திலேயே ஆரம்பிக்கலாம், சகோதரிகளே. நோட்டில் இடம் இருக்கிறது.